நான்கு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தது குறித்து

மேலே தனிக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது அறுபத்தெட்டு. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். முன் வழக்கு எதுவும் இல்லை. யாருடைய மிரட்டலும் இல்லாமல், நல்ல நினைவோடு, என் மனைவியின் வற்புறுத்தலின் பேரில் மட்டும் இதைச் சொல்கிறேன். அவர் இப்போது காவல் நிலைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேனா என்று பார்ப்பதற்காக.

நேற்று வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், சாமான் இறக்க வந்த நான்கு பேர் ஒரு மர அலமாரியைப் படிக்கட்டில் வேண்டுமென்றே கைவிட்டுக் கீழ்த்தளத்துக் கண்ணாடி மீன் தொட்டியை உடைத்தார்கள் என்றும், அதே நேரத்தில் அவர்களுடைய ஐந்தாவது ஆள் குடியிருப்போர் சங்கத் தலைவர் மீது பாய்ந்து தாக்கினான் என்றும், இது முன்கூட்டியே பேசி வைத்த சதி என்றும் சங்கத் தலைவர் புகார் கொடுத்திருக்கிறார். அலமாரி என்னுடையது. ஐந்து பேரும் என் மாணவர்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

என் பணியின் கடைசி இருபது ஆண்டுகளை ஒரு கால்பந்து அகாடமியின் விடுதிப் பள்ளியில் கழித்தேன். பதினொரு வயதுப் பையன்கள் அறுநூறு பேரை ஓடவிட்டு முப்பது பேரை எடுப்பார்கள். காலையில் பயிற்சி, நடுவில் பள்ளிக்கூடம், மாலையில் மறுபடியும் பயிற்சி. என் வகுப்பு காலைப் பயிற்சி முடிந்த கையோடு வரும். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். உதாரணம் சொன்னால் மட்டும் விழித்துக்கொள்வார்கள். அதனால் எதற்கும் உதாரணம் சொல்லிப் பழகினேன். 'உதாரணம் சார்' என்று பெயர் வைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயரைவிட இதுதான் நிலைத்தது.

இந்த விவரம் வழக்குக்குத் தேவையா என்று ஆய்வாளர் கேட்டார். தேவை என்று சொன்னேன்.

பதினெட்டு வயதில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் பெரிய அணிக்குப் போகலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். இவர்களோடு சேர்ந்த முப்பது பேரில் பட்டியலில் வந்தவன் ஒருவன். அவனைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மற்ற இருபத்தொன்பது பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஐவர் போக இருபத்திரண்டு பேரைப் பற்றி எனக்குத் தெரியும். உதாரணமாக, ஒருவன் பல் மருத்துவரிடம் உதவியாளன். நோயாளி தலையைத் திருப்பினால் முகத்துக்கு முன்னால் அவன் நிற்பான், யாரும் அவனைத் தாண்ட முடியாது. ஒருவன் செருப்புக் கடையில் இருக்கிறான். வருகிறவர் நடையைப் பார்த்தே எந்தக் கால் உதைக்கும் கால் என்று சொல்லிவிடுவான். கோல் மேல் கோல் போட்ட ஒருவன் காப்பீடு விற்கிறான். "முழங்காலுக்கு எப்ப வேணா என்ன வேணா ஆகலாம் சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவான், யாராலும் மறுக்க முடியாது. வரி அலுவலகத்தில் இருக்கும் ஒருவன் இன்னும்... இந்த இடத்தில் ஆய்வாளர் பேனாவை மூடினார். மீதிப் பதினெட்டுப் பேரை விட்டுவிட்டு இந்த ஐந்து பேருக்கு வருகிறேன்.

இவர்களில் நான்கு பேர் தடுப்பாட்டக்காரர்கள். கோலுக்கு முன்னால் ஒரே வரிசையில் நிற்பவர்கள். ஒருவனைக் கேப்டன் என்று கூப்பிடுவோம். இடது ஓரத்தில் நின்றவனை இடது என்று கூப்பிடுவோம். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். நடுவில் நின்ற இருவரும் அதிகம் பேசமாட்டார்கள். ஐந்தாமவன் கோல் காப்பாளன். அவனுக்குக் கதவு என்று பெயர், ஏனென்றால் எதுவும் தட்டாமலே உள்ளே வரும். கடைசிப் போட்டியில் மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவில் போனது. அதோடு ஐந்து பேர் கதையும் முடிந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று, பெயர் வராதவர்களுக்கு வீட்டுக்குப் போகச் சொல்லும் கடிதம் வைத்து ஆளுக்கொரு கவர் கொடுக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. "சார், உங்ககிட்டன்னா பசங்க அழ மாட்டாங்க" என்று சொல்லிக் கவர்களை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "வாழ்க்கையில வேற எவ்வளவோ வழி இருக்கு, உதாரணத்துக்கு..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்து பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இடது, "பரவால்ல சார், அப்புறம் சொல்லுங்க" என்றான். அது நடந்து பதின்மூன்று ஆண்டு ஆகிறது.

அதன் பிறகு ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கி வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்து வருகிறார்கள். கதவுதான் ஓட்டுநர். வருகிற திங்கட்கிழமை முதல் பெரிய ஆஸ்பத்திரியின் கருவிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் வேலைக்கு இவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு வருட வேலை. தேர்வானவர்கள் பட்டியலை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார்கள் என்றும், ஐந்து பேரும் போய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் என்றும் அறிகிறேன். பட்டியல் ஒன்றில் இவர்கள் பெயர் வந்தது இதுவே முதல் தடவை. ஆனால் தங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று காவல் நிலையச் சான்று இன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நான் இதைச் சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

இனி கை விஷயம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். உதாரணமாக, நான்கு பேர் வாசலை மறைத்து வரிசையாக நிற்கிறார்கள். எதிரணிக்காரன் அவர்களுக்குப் பக்கத்தில் பதுங்கிப் பந்துக்காகக் காத்திருக்கிறான். பந்தை அடிக்கும் நொடிக்குச் சற்று முன்னால் நான்கு பேரும் ஒன்றாக ஓர் அடி முன்னால் வைத்தால் அவன் தனியாகப் பின்னால் மாட்டிக்கொள்வான். அது குற்றம், விசில் ஊதுவார்கள். ஒருவன் தவறினாலும் பலிக்காது. வாயால் சொன்னால் எதிரிக்கும் கேட்டுவிடும். ஆகவே சைகைதான். எதிரே நின்று ஒருவர் வலது கையை நேராக, உள்ளங்கை தெரிய உயர்த்த வேண்டும். அதைப் பார்த்ததும் நால்வரும் ஓர் அடி முன்னால் வைத்து, தங்கள் வலது கையை உயர்த்தி, கோட்டோரம் கொடியோடு நிற்பவரைப் பார்த்து ஆஃப்சைடு என்று கேட்க வேண்டும். இதைப் பழக்குவதற்குக் கை உயர்த்த ஓர் ஆள் தேவைப்பட்டது. மாலையில் மைதான ஓரத்தில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். "சார், உங்க கை சும்மாதான இருக்கு" என்றார் பயிற்சியாளர்.

நாளைக்கு நாற்பது முறை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு நாற்பது வாரம், இரண்டு ஆண்டு. மொத்தம் பதினாறாயிரம் முறை இந்த நால்வருக்கும் முன்னால் நின்று கை உயர்த்தியிருக்கிறேன். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நான் அந்தப் பாடத்தைக் காலையில் நடத்திவிட்டு மாலையில் மணியாக வேலை பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

நேற்று காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. மனைவிக்கு மூட்டுவலி என்பதால் மூன்றாம் மாடியிலிருந்து வேறொரு தெருவில் தரைத்தள வீட்டுக்கு மாறுகிறோம். அலமாரியை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கத் தலைவர் தடுத்தார். "லிஃப்ட் மனுஷங்களுக்கு, அலமாரிக்கு இல்ல" என்றார். அவருடைய மீன் தொட்டி லிஃப்டில்தான் கூடத்துக்கு இறங்கியிருந்தது. இடது, "அப்போ உங்க மீனெல்லாம் நடந்தா சார் வந்துச்சு?" என்று கேட்டான். சிரித்தவர்களில் நானும் ஒருவன். பகைக்குக் காரணம் என்று புகாரில் சொல்லியிருப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அதன் பிறகு படிக்கட்டு வழியாக இறக்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடம் முன்பு அலுவலகமாக இருந்ததால் படிக்கட்டு நான்கு பேர் ஒன்றாக நிற்கும் அகலம் கொண்டது. அலமாரியை மல்லாத்திக் கம்பளி மேல் கிடத்தி, நான்கு பட்டைகள் கட்டி, ஆளுக்கொரு பட்டையைத் தோள் மேலாக இழுத்துப் பிடித்து, தங்களுக்குக் கீழே இருந்த பாரத்துக்கு முதுகைக் காட்டி, மேல்நோக்கிச் சாய்ந்தபடி, நால்வரும் ஒரே படியில் வரிசையாக நின்று பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நான் அவர்களுக்கு எதிரே, மேலே நின்று பார்த்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். என் மனைவி சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தார். கிளம்பும்போதே, "ஏங்க, அது கீழ போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். இரண்டு மாடி இறங்கும் வரை நான் திறக்கவில்லை. இதற்கு அவரே சாட்சி.

முதல் மாடியிலிருந்து கீழ்க் கூடத்துக்குப் பதினான்கு படிகள். நால்வரும் ஐந்தாம் படியில் நின்றபோது கேப்டன் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், ஒன்னுமே பேசாம வர்றீங்க? உடம்பு சரியில்லையா?" என்றான். இடது, "ஏதாவது உதாரணம் சொல்லுங்க சார், பாரம் தெரியாது" என்றான். கேட்டவன் மேல் குற்றம் இல்லை. பசித்தவன் சோறு கேட்டான் என்பதற்காகச் சமைத்தவன் சோற்றைத் தீய்த்ததற்கு அவனைப் பொறுப்பாக்க முடியாது.

நான் சாய்தளம் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "உதாரணத்துக்கு, இதே அலமாரிய சரிவுல விடாம, நேரா மேலேர்ந்து..." என்று சொல்லி, நேராக என்பதைக் காட்ட வலது கையை நேராக, உள்ளங்கை தெரிய உயர்த்தினேன்.

நால்வரும் ஒரே நொடியில் ஓர் அடி முன்னால், அதாவது ஒரு படி மேலே, வைத்தார்கள். நால்வரும் பட்டையை விட்டுவிட்டு வலது கையை உயர்த்தினார்கள். நான்கு முகமும் பக்கவாட்டில் திரும்பின. அங்கே கொடிக்காரர் இல்லை. தபால் பெட்டிகள்தான் இருந்தன. இடது அவற்றைப் பார்த்து உரக்க, "ஆஃப்சைடு!" என்றான். பிறகுதான் நால்வரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

சாய்தளம் பற்றிய மீதிப் பாடத்தை அலமாரி யாருடைய உதவியும் இல்லாமல் நடத்தி முடித்தது.

அந்த நேரத்தில் சங்கத் தலைவர் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற கதவு கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து, இருவருமாக சோபாவுக்குப் பின்னால் விழுந்தார்கள். அவர் நின்ற இடத்தில் அலமாரி போய்த் தொட்டியை உடைத்தது. சோபாவுக்குப் பின்னாலிருந்து சங்கத் தலைவர், "கொல்றான், கொல்றான்!" என்று கத்தினார். கதவு அவரை விடாமல், என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், பிடிச்சுட்டேன்! பாத்தீங்களா சார், பிடிச்சுட்டேன்!" என்று கத்தினான். இந்தச் சொற்கள் சதிக்கு ஆதாரமாகப் புகாரில் சேர்க்கப்பட்டுள்ளன. அவன் வாழ்நாளில் எதையாவது பிடித்தது அதுவே முதல் தடவை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு எல்லோரும் மண்டி போட்டு மீன் பொறுக்கினோம். மொத்தம் இருபது. பத்தொன்பதை வாளியில் விட்டோம். இருபதாவது அலமாரியின் கீழ் இழுப்பறையில், என் கம்பளிச் சட்டையின் கைக்குள் உயிரோடு இருந்தது. அதை என் மனைவி கண்டுபிடித்தார். எங்கள் திருமண வாழ்வில் அவர் என் சட்டையை உதறிப் பார்த்துப் பயன் கிடைத்தது இதுவே முதல் தடவை.

கூடத்துக் கேமராவில் பதிவான காட்சியைச் சங்கத் தலைவர் கட்டடத்தில் எல்லோருக்கும் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். அதில் நால்வரின் முதுகும், ஒன்றாக உயரும் கைகளும் தெரிகின்றன. வெற்றிக் களிப்பில் கை தூக்குகிறார்கள் என்கிறார் அவர். மேலே நின்ற நான் அதில் தெரியவில்லை, கூரை மறைக்கிறது.

காவலர் வந்து விசாரித்தபோது நால்வரும் தனித்தனியாக, "என் கைதான் சார் வழுக்கிடுச்சு, மத்தவங்க மேல தப்பு இல்ல" என்றார்கள். "நாலு பேருக்கும் ஒரே நொடியில வழுக்குமாய்யா?" என்று காவலர் கேட்டார். அதற்குக் கேப்டன், "நாங்க எதையும் சேர்ந்துதான் சார் செய்வோம்" என்றான். அவன் வேலை ஒழுங்கைச் சொன்னான். காவலர் சதி என்று எழுதிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். கேப்டன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "சார், உங்க கைன்னு சொல்லாதீங்க. இந்த வயசுல நீங்க ஸ்டேஷன்ல வந்து உக்காரணுமா?" என்றான். தப்பு என்னுடையது என்றேன். "அன்னைக்குக் கவர் கொடுத்ததும் இதே கைதான் சார். அதுக்காக உங்கள யாராவது ஏதாவது சொன்னோமா?" என்றான். நேற்று முழுவதும் நான் உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். அது சரியான காரணம் இல்லை.

மாலையில் புது வீட்டில் பெட்டிகளுக்கு நடுவில் என் மனைவி, "அலமாரி இறங்குறப்போ மூடுங்கன்னேன், திறந்தீங்க. இப்ப திறக்க வேண்டிய நேரத்துல மூடிக்கிட்டு இருக்கீங்க. அந்தப் பசங்க பேரு போன தடவை பட்டியல்ல வரல. இந்தத் தடவை வந்த பேர நீங்க அழிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார். ஆகவே இன்று வந்தேன்.

மேற்கண்டவாறு நான் சொல்லி முடித்தபோது ஆய்வாளர் நம்பவில்லை. "சார், நீங்க நல்லவர். பசங்கள காப்பாத்தப் பாக்குறீங்க. முப்பத்தோரு வயசு ஆளுங்க, பதிமூணு வருஷம் முன்னாடி பழகுன பழக்கத்துக்கு இன்னைக்கு அலமாரிய விடுவாங்களா?" என்றார். எதிர் நாற்காலியில் இருந்த சங்கத் தலைவரும், "கேமரா பொய் சொல்லாது மேடம்" என்றார். அறிவியலில் வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்பதால், ஒரு சோதனை செய்ய அனுமதி கேட்டேன். ஆய்வாளர் அனுமதித்தார்.

நால்வரும் அப்போது வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு தரையில், பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். உள்ளே பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்க வழி இல்லை. நடுவில் கண்ணாடி இருந்தது. நான் எழுந்து ஜன்னல் அருகே போனேன். நான் எழுந்ததைப் பார்த்ததும், வகுப்பில் போல, நால்வரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் வலது கையை நேராக, உள்ளங்கை தெரிய உயர்த்தினேன்.

நால்வரும் எழுந்து ஓர் அடி முன்னால் வைத்து வலது கையை உயர்த்தினார்கள். நான்கு முகமும் பக்கவாட்டில் திரும்பின. அங்கே தொலைந்த சைக்கிளுக்காகப் புகார் எழுதிக்கொண்டிருந்த ஒருவர், காரணம் தெரியாமல் தானும் கையை உயர்த்தினார். கண்ணாடி டம்ளர்களில் மூன்று கீழே விழுந்து உடைந்தன. நான்காவது, கதவு படுத்தவாக்கில் பாய்ந்து தரையைத் தொடுவதற்கு முன் பிடித்ததால் தப்பியது.

கேப்டன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "ஐயோ சார்" என்றது வாயசைவில் தெரிந்தது. ஆய்வாளர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சங்கத் தலைவர், தரையில் டம்ளரோடு கிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவான குரலில், "என்னையும் இப்படித்தான் பிடிச்சானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அலமாரி என்ன எடை இருக்கும்?" என்று கேட்டார். மீன்களை விட்டுவிட்டால் நூற்றைம்பது கிலோ என்றேன். அவர் தம் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு, தொட்டியை நான் புதிதாக வாங்கி வைத்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். நான் சம்மதித்தேன். புதுத் தொட்டி லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், படிக்கட்டுக்கு நேராக வேண்டாம் என்று அவரே சொன்னார்.

அதன் பிறகு ஆய்வாளர் எழுத்தரிடம் ஐந்து சான்றுப் படிவங்கள் எடுக்கச் சொன்னார். ஐந்து பேரின் முழுப் பெயரையும் எழுத்தர் கேட்டபோது அவர்களை உள்ளே கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசையில் நானே சொன்னேன். நேரம் நான்கு பத்து.

அன்று பாதியில் நின்ற உதாரணத்தை முடித்துவிட அனுமதிக்கக் கேட்டேன். ஆய்வாளர், "ஒன்னே ஒன்னு" என்றார். வாழ்க்கையில் வேறு எவ்வளவோ வழி இருக்கிறது. உதாரணத்துக்கு, வராந்தாவில் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருக்கும் ஐந்து பேர்.

இதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தினேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே உள்ளது, சொன்னதெல்லாம் நடந்ததே. அலமாரி, மீன் தொட்டி, மூன்று டம்ளர் ஆகியவற்றுக்கு என் வலது கையே பொறுப்பு. வெளியே அவர்களுக்கு மறுபடியும் தேநீர் கொடுத்திருப்பதால், கையை உயர்த்தாமல் மேசையோடு நகர்த்திக் கையொப்பமிடுமாறு ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். அப்படியே இடுகிறேன்.

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்